தோட்டம் போடும் வேலைக்கு ஆட்களை வைத்து நடத்துகிறவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலும் ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கத்திலும் வீடு, வில்லா, அடுக்குமாடி என்று தோட்டம் போட்டுக்கொடுக்கும் வேலையில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். முதல் நாலு வருடம் சட்டி தூக்கினேன், அப்புறம் ஒரு மேஸ்திரிக்குக் கையாள், இப்போது நானே ஆட்களை வைத்து வேலை எடுக்கிறேன். புதிதாக டீம் பார்க்க வரும் பையன்கள், தோட்டக்கலை படித்த கையோடு சைட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள், கட்டட வேலையிலிருந்து இந்தப் பக்கம் வந்த மேஸ்திரிகள் எல்லாரும் போனில் கேட்பது கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது, எழுதிவைத்துவிடுகிறேன்.

சூப்பர்வைசர் என்று போய் நிற்கிறேன், ஆட்களுக்கு என்னைவிட வேலை தெரிந்திருக்கிறது. நான் அங்கே என்னதான் செய்வது?

தெரிந்துதான் இருக்கும். குழி வெட்டுவது, புல் நடுவது, இட்லிப்பூ வரிசையை நூல் பிடித்து வைப்பது எல்லாம் அவர்களுக்கு நன்றாகவே வரும், அதில் போய்த் தலையிடாதீர்கள். தோட்ட வேலையில் பின்னால் தகராறு வருவது பெரும்பாலும் மண்ணுக்குள் போய் மறைந்த விஷயத்தில்தான்: லெவல், வடிகால், குழாய், இடிபாட்டை எடுக்காமல் அதன்மேலேயே கொட்டிய மண், கிழிக்காமல் புதைத்த நர்சரிப் பை. வேலை செய்கிறவருக்கு அதை மூடிவிட்டு அடுத்ததுக்குப் போனால்தான் நாள் முடியும், மூடிவிடுவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, நாம் அவரிடம் சொன்னதே ‘சாயங்காலத்துக்குள் முடிச்சிடுங்க’ என்றுதானே. மூடுவதற்கு முன் குனிந்து பார்த்துவிட்டு ‘சரி, மூடுங்க’ என்று சொல்ல ஒருவர் வேண்டும், அதற்குத்தான் உங்களை அனுப்பியிருக்கிறார்கள். அது போக, பொருள் நேரத்துக்கு வரவேண்டும், கை சும்மா நிற்கக்கூடாது, சனிக்கிழமை கூலி கையில் இருக்கவேண்டும்.

ஒரு வேலைக்கு எத்தனை ஆள் தேவை?

சதுர அடியை வைத்து ஆள் கணக்குப் போடுகிறவர்கள் எல்லாம் மாட்டிக்கொள்வார்கள். மண் எவ்வளவு தூரம் போகவேண்டும் என்று பாருங்கள், அதில்தான் ஆள் கணக்கு இருக்கிறது. ஒரு யூனிட் மண் என்பது 100 கன அடி. ஒரு சட்டியில் அரை கன அடிக்கும் கொஞ்சம் குறைவாகத்தான் பிடிக்கும், ஆக ஒரு யூனிட்டுக்கு 200 சட்டிக்கு மேல், சட்டி ஒன்று கிட்டத்தட்ட 20 கிலோ. லாரி வாசலிலேயே கொட்டிவிட்டுப் போய், தோட்டம் வீட்டுக்குப் பின்னால் இருந்து, நடுவில் மூன்றடிச் சந்து ஒன்றுதான் வழி என்றால் முழுக்கணக்கும் மாறிவிடும். அந்தச் சந்தில் தள்ளுவண்டி போகுமா என்று முதல்நாளே டேப் போட்டுப் பாருங்கள்.

என் அனுபவத்தில் 3000 சதுர அடித் தோட்டத்துக்கு நாலு ஆண், இரண்டு பெண், தனியாகக் குழாய் வேலைக்கு ஒருவர் போதும். மண் இறக்குகிற இரண்டு நாளைக்கு மட்டும் கூடுதலாக நாலு பேர். பத்துப் பேரை முதல்நாளே இறக்கினால் ஆறு பேர் வேலை பார்ப்பார்கள், நாலு பேர் கடப்பாரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், வீட்டுக்காரர் மாடியிலிருந்து அந்த நாலு பேரைத்தான் பார்ப்பார்.

முதல்நாள் எதில் ஆரம்பிப்பது?

மண்வெட்டியைத் தொடுவதற்கு முன்னால் மூன்று பேரைப் பிடியுங்கள்: வீட்டு எலக்ட்ரீஷியன், பிளம்பர், கட்டட மேஸ்திரி. செப்டிக் டேங்க் எங்கே, தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது, கேட் விளக்குக்கு ஒயர் எப்படி வருகிறது, மழைநீர்த் தொட்டி எங்கே என்று கேட்டு, தரையிலேயே சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டுவிடுங்கள். வரைபடத்தில் இருப்பதை மட்டும் நம்பாதீர்கள். எனக்கு ஒருமுறை, வரைபடத்தில் சுவரோரமாகப் போகவேண்டிய குழாய் நிஜத்தில் தோட்டத்தின் நடுவே குறுக்காகப் போயிருந்தது. பெரிய பனை வகைக்காக மூன்றடிக் குழி எடுக்கும்போது கடப்பாரை பட்டு உடைந்து, மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் முழுக்கக் குழிக்குள் வந்து, கிரகப்பிரவேசத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் அன்று சாயங்காலம் வரை தண்ணீர் இல்லாமல் இருந்தார்கள். குழாய்க்கான செலவு 400 ரூபாய். நான் கேட்டுக்கொண்ட பேச்சுக்குக் கணக்கே இல்லை.

கோடு போட்ட கையோடு போன் எடுத்து எல்லாப் பக்கமும் படம் பிடித்துவையுங்கள். ஏற்கெனவே விரிசல் விட்ட தளம், ஏற்கெனவே உடைந்த டைல்ஸ், எல்லாம் படத்தில் வரட்டும். பின்னால் ‘உங்க ஆளுங்கதான் உடைச்சாங்க’ என்று வரும்.

வேலையின் வரிசை எப்படி இருக்கவேண்டும்? ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

எல்லாச் சைட்டுக்கும் ஒரே வரிசை கிடையாது, ஆனால் அடியிலிருந்து மேலே வருவது, உள்ளேயிருந்து கேட்டைப் பார்த்து வருவது, இந்த இரண்டும் மாறாது.

முதலில் கட்டட இடிபாடு. சிமெண்ட் கட்டி, உடைந்த செங்கல், பூச்சுக் கழிவு, பெயிண்ட் டப்பா, கம்பித் துண்டு, எல்லாம் தோட்டத்துக்கு என்று விட்ட இடத்தில்தான் புதைந்திருக்கும், ஏனென்றால் கட்டடக்காரர்களுக்கு அது ஒரு வருடமாகக் குப்பை மேடு. இதை முழுக்க எடுக்கவேண்டும். அதன்மேல் அரை அடி செம்மண் பரப்பினால் பார்க்க அழகாக இருக்கும், ஆறு மாதத்தில் இட்லிப்பூ இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். சிமெண்டும் சுண்ணாம்பும் மண்ணைக் காரமாக்கிவிடும், அப்போது மண்ணில் இரும்புச்சத்து இருந்தும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. எத்தனை உரம் போட்டாலும் அது மாறாது. இடிபாடு அள்ளுவதற்குத் தனியாக விலை பேசாமல் வேலை எடுத்தால் அந்தப் பணம் உங்கள் கையிலிருந்து போகும், பேசிவிட்டு எடுங்கள்.

அப்புறம் லெவலும் வடிகாலும். தண்ணீர் வீட்டுச் சுவரை விட்டு வெளியே ஓடவேண்டும், பத்தடிக்கு ஒன்றரை அங்குலமாவது சரிவு வேண்டும். லெவல் பார்க்கத் தண்ணீர் நிரப்பிய லெவல் டியூப் போதும், அதில் காற்றுக்குமிழி நிற்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேளச்சேரி, பள்ளிக்கரணை மாதிரிக் களிமண்ணும் தாழ்வும் சேர்ந்த இடத்தில் சரிவு மட்டும் பத்தாது. ஓட்டை போட்ட குழாயை ஜல்லிக்குள் வைத்து, சுற்றி ஜியோ துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் துணி) கட்டி, தண்ணீர் போக ஒரு வழி காட்டவேண்டும். நீலாங்கரை, கோவளம் பக்கம் மணல், அங்கே பிரச்சினை தலைகீழ், தண்ணீர் நிற்கவே நிற்காது.

அடுத்தது குழாயும் ஒயரும். நடைபாதைக் கல் பதிப்பதற்கு முன், எதிர்காலத்தில் எதற்காவது வேண்டியிருக்கும் என்று குறுக்கே இரண்டு காலிப் பைப் போட்டு, வாயை அடைத்துப் புதைத்துவையுங்கள். செலவு சில நூறுதான். போடாமல் விட்டால் பின்னால் கல்லைப் பெயர்க்கவேண்டி வரும். சொட்டுநீருக்கும் ஸ்பிரிங்ளருக்கும் போடுகிற குழாயில் தண்ணீர் விட்டு, ஒரு ராத்திரி பிரஷரில் வைத்து, காலையில் ஈரம் இருக்கிறதா என்று நீங்களே நடந்து பார்த்துவிட்டு மூடச்சொல்லுங்கள். ‘நேத்தே பார்த்துட்டேன் சார்’ என்பார்கள். திரும்பப் பாருங்கள்.

கிரேன் வேண்டிய பெரிய மரங்கள் இருந்தால் அவை இப்போதே உள்ளே வந்துவிடவேண்டும், கல் பதித்தபின் கிரேன் ஏறினால் கல் மிஞ்சாது. பிறகு கல், ஓரக்கட்டை. பிறகு நல்ல மண். பிறகு புதர்ச்செடிகள். கூழாங்கல், விளக்கு. புல் கடைசி. புல் போட்டபின் அதன்மேல் ஏணி வைக்க வரும் பெயிண்டரிடம் சண்டை போட உங்களுக்குத் தெம்பு வேண்டும்.

மண் எவ்வளவு வரவழைப்பது, நல்ல மண் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

1000 சதுர அடிக்கு அரை அடி மண் என்றால் 500 கன அடி, அதாவது 5 யூனிட். ஆனால் கொட்டிய மண் தண்ணீர் பட்டதும் அமுங்கும், 6 யூனிட் சொல்லுங்கள். லாரி உள்ளே நுழையும்போதே பெட்டியை டேப் போட்டு அளந்துவிடுங்கள். 12 அடி நீளம், 7 அடி அகலம், இரண்டரை அடி உயரத்துக்கு மண் என்றால் 210 கன அடி, இரண்டு யூனிட்தான். டிரைவர் மூன்று என்பார். நான் டேப்பை எடுத்தாலே ‘சார் நம்ம சார்’ என்று சிரிப்பார்கள், ஆனால் அடுத்த லோடு சரியாக வரும்.

செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, இது நான் போடுவது. கடற்கரை மணலில் மணலைக் குறைத்து, தேங்காய் நார்க் கழிவையும் உரத்தையும் கூட்டுவேன். பச்சைச் சாணி வந்தால் திருப்பி அனுப்புங்கள், அது சூடு. வேப்பம் புண்ணாக்கைக் கலந்துவிட்டால் கறையான் கொஞ்சம் அடங்கும்.

மண்ணில் எனக்குப் பயம் கோரைக்கிழங்கு ஒன்றுக்குத்தான். ஏரி மண், வயல் மண் என்று கருப்பாகக் கொழுகொழுவென்று வரும், பார்த்ததும் ஆசையாக இருக்கும், கையில் அள்ளி உதிர்த்தால் மிளகு மாதிரிச் சின்னச் சின்னக் கிழங்கு இருக்கும். அதைப் பரப்பி மேலே கொரியன் புல் போட்டால் இரண்டாவது மாதம் கோரை மேலே வந்து நிற்கும், அப்புறம் அந்தத் தோட்டம் இருக்கும்வரை அதைப் பிடுங்கத் தனி ஆள் வேண்டும். நேரம் இருந்தால் மண்ணைக் குவித்துத் தண்ணீர் தெளித்து 10, 12 நாள் விட்டுவிடுங்கள். முளைத்தால் தெரிந்துவிடும். நேரம் இல்லை என்று வீட்டுக்காரர் சொன்னால், அதை அவர் வாயாலேயே ஒரு வாட்ஸ்அப் குரல் பதிவாக வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுக்குமாடியில் பார்க்கிங் தளத்துக்கு மேல் தோட்டம். தரைத் தோட்டத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

எடை. ஈர மண் ஒரு கன அடி கிட்டத்தட்ட 50 கிலோ. ஓரடி ஆழத்துக்கு மண் போட்டால் ஒவ்வொரு சதுர அடிக்கும் 50 கிலோ ஏறுகிறது, அதற்குத் தக்கபடி தளம் போட்டிருக்கிறார்களா என்று கட்டடப் பொறியாளர் எழுத்தில் தரவேண்டும். அதைவிட ஆபத்தானது வேலை நடக்கும் நாட்களில் மண்ணைக் குவிக்கிற பழக்கம். இரண்டு யூனிட் மண்ணை ஒரே மூலையில் கொட்டினால் பத்து டன் ஒரே இடத்தில் உட்காருகிறது, அடியில் கார்கள் நிற்கின்றன. ஆட்களுக்கு இது தெரியாது, அவர்களுக்கு லிஃப்டுக்குப் பக்கத்தில் குவித்தால் நடை குறைவு. வந்ததை வந்தபடியே பரப்பிக்கொண்டு போகவேண்டும் என்று காலையிலேயே சொல்லுங்கள், மத்தியானம் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

நீர்க்கசிவு தடுப்புப் பூச்சின்மேல் கடப்பாரை, கம்பி எதுவும் படக்கூடாது. நான் மேலே வேலை ஆரம்பித்தால் கடப்பாரையைக் கீழேயே பூட்டிவைத்துவிடுவேன். தளத்தில் தண்ணீர் கட்டி 48 மணிநேரம் பார்த்த பிறகுதான் தண்ணீர் வடிவதற்கான ‘டிரெய்ன் செல்’ தட்டுகளையும் ஜியோ துணியையும் போடவேண்டும். ஒழுகினால் பூச்சுக்காரர் உங்களைக் காட்டுவார், நீங்கள் அவரைக் காட்டுவீர்கள், மண் முழுவதையும் திரும்ப அள்ளுவது உங்கள் ஆட்கள்.

எந்தப் புல்? எப்படிப் போடுவது?

நல்ல வெயில் இருந்தால் கொரியன் அல்லது பெர்முடா. மரநிழல், கட்டட நிழல் இருக்கிற இடத்தில் அகல இலை பஃபலோ புல். நிழலில் கொரியன் கேட்டுப் பிடிவாதம் பிடிப்பார்கள், போட்டுக்கொடுத்துவிட்டு இரண்டு மாதம் கழித்து மண்தரையைப் பார்த்து நிற்பதற்குப் பதில் அன்றே சண்டை போட்டுவிடலாம்.

கார்பெட்டாக வரும் புல் வந்த அன்றே தரையில் இறங்கவேண்டும். லாரியில் அடுக்கிய புல் உள்ளுக்குள் சூடேறும், மறுநாள் மஞ்சள். அதனால் லாரி கிளம்பும் நேரத்தையும் தரை தயாராகும் நேரத்தையும் சேர்த்துப் பார்ப்பது உங்கள் வேலை, ஆட்களுடையது இல்லை. தரையை முதல்நாள் நனைத்து, ரோலர் விட்டு, ரூல் தடி வைத்துப் பள்ளம் பார்த்து, நடைபாதைக் கல்லைவிட முக்கால் அங்குலம் தாழ்வாக நிறுத்துங்கள். புல் துண்டுகளைச் செங்கல் கட்டுவதுபோல இணைப்பு மாற்றி மாற்றி வைக்கவேண்டும், நடுவில் சந்து விடக்கூடாது, ஆட்கள் பலகை போட்டு அதன்மேல்தான் உட்காரவேண்டும். கையால் நட்டால் செலவு குறைவு, மூட இரண்டு மூன்று மாதம் ஆகும், அதுவரை வீட்டுக்காரர் தினமும் போன் செய்வார்.

நர்சரிச் செடிகளை இறக்கும்போது எதைப் பார்ப்பது?

நம் ஊருக்கு வரும் செடிகளில் நிறைய ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்துக் கடியத்திலிருந்து வருவதுதான். விலை குறைவு, செடி பெரிது, பார்க்கப் பளபளப்பு. ஆனால் பெரும்பாலும் இறுகிய களிமண் உருண்டையோடு வரும். ஈசிஆர் மணலில் அதை அப்படியே வைத்துத் தண்ணீர் ஊற்றினால், தண்ணீர் உருண்டையைச் சுற்றிக்கொண்டு மணலில் இறங்கிப் போய்விடும், உள்ளே வேர் காய்ந்து கிடக்கும். தினமும் தண்ணீர் விடுகிறேன், செடி சாகிறதே என்பார்கள். வைக்கும் முன் உருண்டையை நன்றாக ஊறவைத்து, ஓரத்தைக் கைக்கொத்தால் கொஞ்சம் கீறிவிட்டு, சுற்றி நல்ல மண் போடச்சொல்லுங்கள்.

லாரி இறக்கிய உடனே நடவேண்டாம், முடிந்தால் நிழலில் ஒரு வாரம் வையுங்கள். பையை முழுக்க எடுக்கவேண்டும். அவசரத்தில் அடியை மட்டும் கிழித்துவிட்டு வைப்பார்கள். எண்ணிப்பார்க்க ஒரு வழி வைத்திருக்கிறேன்: 300 செடி நட்டால் சாயங்காலம் 300 காலிப் பை கட்டி என் முன்னால் வரவேண்டும். 260 தான் இருந்தால் மீதி 40 எங்கே என்று எல்லாருக்கும் தெரியும், சிரித்துக்கொண்டே தோண்டுவார்கள்.

பெரிய மரம் வைக்கும்போது?

மூன்றடி விட்டம், இரண்டரை அடி ஆழ வேர்ப்பந்து என்றால் அதுவே 800 கிலோவுக்கு மேல். பத்து ஆள் சேர்ந்து ‘ஏலேலோ’ போட்டு இறக்கிவிடலாம் என்று யாராவது கிளம்பினால் நிறுத்துங்கள், ஹைட்ரா கிரேனைக் கூப்பிடுங்கள். பெல்ட்டைத் தண்டில் மட்டும் போட்டுத் தூக்கினால் பட்டை உரியும், எடை வேர்ப்பந்தில் விழவேண்டும். தொங்கும் மரத்துக்கு அடியில் ஒருவரும் நிற்கக்கூடாது. கைகாட்ட ஒரே ஒரு ஆள். மூன்று பேர் மூன்று பக்கம் கத்தினால் கிரேன் டிரைவர் யாரைப் பார்ப்பார்? மேலே மின்கம்பி இருக்கிறதா என்று முதல்நாளே பார்த்திருக்கவேண்டும்.

மரத்துக்கு மூன்று பக்கம் சவுக்குக் கம்பு முட்டுக்கொடுத்து, சாக்குச் சுற்றி, கயிற்றால் கட்டுங்கள், கம்பி வேண்டாம். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்த மறுநாள் சென்னைத் தெருக்களில் நடந்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. குல்மோகரும் தூங்குமூஞ்சியும் இயல்வாகையும் வேரோடு கவிழ்ந்து கிடந்தன. நான் வைத்தவற்றிலும் ஐந்து போயின, தோண்டிப் பார்த்தால் இரண்டில் வேர் பைக்குள்ளேயே சுருண்டிருந்தது. பைகளை எண்ணும் பழக்கம் அப்போது வந்ததுதான். கடற்கரைக்குப் பக்கத்தில் என்றால் புன்னை, பூவரசு, புங்கை கேட்டுப்பாருங்கள், ஒத்துக்கொள்ளமாட்டார்கள், இருந்தாலும் கேளுங்கள்.

வேலிக்குக் கோனோகார்பஸ் மரம் வைக்கச்சொல்கிறார்கள்.

வைக்காதீர்கள். குஜராத் 2023-ல் தடை போட்டது, தமிழ்நாடும் 2025-ல் தடை செய்துவிட்டது. மகரந்தத்தால் ஒவ்வாமை, வேர் போய்க் குழாயை அடைப்பது என்று புகார்கள் நிறைய.

தண்ணீர் பற்றி வீட்டுக்காரரிடம் எப்போது பேசுவது?

விலை பேசும்போதே. 1000 சதுர அடிப் புல்வெளிக்கு ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால் 465 லிட்டர். 4000 சதுர அடிக்கு நாளொன்றுக்கு 1860 லிட்டர், 12,000 லிட்டர் லாரி ஒன்று ஆறு நாளைக்கு வரும். இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டினால் பாதிப் பேர் புல்லைக் குறைத்துவிட்டு நந்தியாவட்டையும் அரளியும் கூட்டச்சொல்வார்கள். சொன்னால் நல்லதே. போர் தண்ணீர் உப்பு என்றால் அதையும் வாயில் வைத்துப் பார்த்துவிடுங்கள், அசிங்கம் பார்க்காதீர்கள்.

எந்த மாதத்தில் வேலை எடுப்பது?

ஆடி, ஆவணி நன்றாக இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் புதிதாகக் கொட்டிய மண் மழையில் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும், அப்போது கல் வேலையும் குழாய் வேலையும் பார்த்துக்கொண்டு மண்ணைத் தார்ப்பாய் போட்டு மூடிவையுங்கள். கத்திரியில் வேலை வந்தால் ஆறரைக்கு ஆரம்பித்து, பன்னிரண்டிலிருந்து மூன்றுவரை நிறுத்திவிடுங்கள். வெயில் அலையைத் தமிழ்நாடு அரசு 2024-ல் மாநிலப் பேரிடராகவே அறிவித்திருக்கிறது, ‘நம்ம ஆளுங்களுக்குப் பழக்கம்’ என்று சொல்லிக்கொண்டு இருக்காதீர்கள். மோரில் உப்புப் போட்டுக் கேனில் வையுங்கள். ஒருவர் வியர்ப்பது நின்று, பேச்சுக் குழறினால் அது களைப்பு இல்லை, நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைத்துக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

அட்வான்ஸ் கேட்டால் கொடுக்கலாமா?

கொடுக்காமல் இந்த வேலையில் யாரும் ஆள் வைத்ததில்லை. ஆனால் ஒரு வாரக் கூலிக்கு மேல் போகாதீர்கள், நோட்டில் எழுதி அவரையே கையெழுத்துப் போடச்சொல்லுங்கள், கழிப்பதையும் ஒரே அடியாகக் கழிக்காமல் வாரம் கொஞ்சமாகக் கழியுங்கள். ஒரே அடியாகக் கழித்தால் திங்கட்கிழமை அவர் வேறு சைட்டில் இருப்பார். உங்களுக்கு பில் பாஸ் ஆகவில்லை என்பது ஆட்களின் பிரச்சினை இல்லை. முதல் வேலையில் எனக்கு மேலே இருந்தவர் பில் வரட்டும் என்று மூன்று சனிக்கிழமை தள்ளினார், நாலாவது திங்கட்கிழமை சைட்டில் நானும் ஒரு ரோலரும்தான் இருந்தோம்.

பெண்களுக்குக் குறைவாகக் கொடுப்பதுதானே வழக்கம்?

வழக்கம்தான், சட்டம் அப்படி இல்லை. ஒரே வேலைக்கு ஒரே கூலி என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. களை எடுப்பது, புல் நடுவது, செடி வரிசை எல்லாம் என் டீமில் அக்காக்கள்தான் செய்கிறார்கள், வேகமும் சுத்தமும் அவர்களிடம்தான். சமமாகக் கொடுக்க ஆரம்பித்தபோது இரண்டு ஆண்கள் முறைத்துக்கொண்டு போனார்கள், ஒருவர் திரும்பி வந்துவிட்டார். அப்புறம், சைட்டில் கழிப்பறைக்கு என்ன ஏற்பாடு என்று முதல்நாளே வீட்டுக்காரரிடம் பேசிவிடுங்கள். புது வீட்டுக் கழிப்பறையைத் தொடக்கூடாது என்பார்கள், பக்கத்திலும் ஒன்றும் இருக்காது, அக்காக்கள் நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள்.

ஒடிசா, பீகார் பையன்களோடு எப்படிப் பேசுவது? எனக்கு இந்தி வராது.

எனக்கும் வராது. ‘ஆதா, பூரா, சீதா, ருக்கோ’ (பாதி, முழுசு, நேர், நில்லு) இந்த நாலு வார்த்தையும் தரையில் கோடு போட ஒரு குச்சியும் போதும். ஒரு செடியை நீங்களே முழுசாக நட்டுக் காட்டுங்கள், அதைப் பார்த்துச் செய்துவிடுவார்கள். டீயில் பாகுபாடு வேண்டாம், தமிழ் ஆட்களுக்கு வடை, அவர்களுக்கு வெறும் டீ என்று ஒரு சைட்டில் நடந்ததைப் பார்த்திருக்கிறேன், ஒரு வாரம்கூட அவர்கள் தங்கவில்லை. ஆதார் நகலும் ஊரில் ஒரு போன் நம்பரும் வாங்கிவையுங்கள், ஏதாவது ஆனால் யாருக்குச் சொல்வது?

வயதில் மூத்த ஆள், நான் சொல்வதைக் கேட்பதில்லை.

எல்லார் முன்னாலும் திருத்தாதீர்கள். ‘அண்ணே, இங்க வாங்களேன்’ என்று தனியாகக் கூப்பிட்டு, ‘இதில எனக்கு ஒரு சந்தேகம்’ என்று ஆரம்பியுங்கள். பாதி நேரம் அவர் சொல்வதுதான் சரியாக இருக்கும், அப்போது ஒத்துக்கொள்ளுங்கள். மீதி நேரம் வடிகால், பை, குழாய் விஷயம் என்றால் விட்டுக்கொடுக்காதீர்கள், நீங்களே மண்வெட்டியை எடுத்துத் திறந்துவிடுங்கள். அவர் முறைப்பார், அப்புறம் டீ குடிக்கும்போது சரியாகிவிடும்.

பாம்பு, மின்சாரம், வெட்டுக்காயம்?

ரொம்ப நாள் காலியாகக் கிடந்த மனை என்றால் கல் குவியலிலும் ஓலையிலும் கையை விடக்கூடாது, முதலில் கம்பால் தட்டவேண்டும். கடித்துவிட்டால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம், அசையாமல் வைத்து நேராக விஷமுறிவு மருந்து இருக்கிற அரசு மருத்துவமனைக்கு. கல் வெட்டும் மெஷினை ஈரத் தரையில் ஒட்டுப்போட்ட ஒயரோடு ஓட்டவிடாதீர்கள். செருப்புப் போட்டுக் கடப்பாரை பிடிக்கிறவர்களுக்கு ஷூ வாங்கிக் கொடுங்கள், போடமாட்டார்கள், திரும்பத் திரும்பச் சொல்லுங்கள்.

வீட்டுக்காரர் நடுவில் வந்து ஆட்களிடம் நேரடியாக ‘இதை அங்க மாத்து’ என்கிறார்.

ஆட்களுக்கு முதல்நாளே ஒரு பதில் சொல்லிக்கொடுங்கள்: ‘சார்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க, உடனே செஞ்சிடறோம்.’ வீட்டுக்காரருக்கு அவமரியாதை இல்லை, ஆட்களுக்கும் திட்டு இல்லை. மாற்றம் என்றால் அன்றைக்கே என்ன மாறுகிறது, எவ்வளவு கூடும் என்று மெசேஜ் அனுப்பி, ‘ஓகே’ வந்த பிறகு கை வையுங்கள். அந்த வீட்டம்மா ஒரு பக்கம், ஐயா ஒரு பக்கம் சொல்கிற வீடுகள் இருக்கின்றன. அங்கே இரண்டு பேரும் இருக்கிற குரூப்பில் அனுப்புங்கள், அவர்களே பேசி முடிப்பார்கள்.

கொத்தனார்கள் நம் பாத்தியில் சட்டியைக் கழுவுகிறார்கள்.

எல்லாச் சைட்டிலும் நடப்பது. ஒரு பழைய டிரம்மில் தண்ணீர் வைத்து ‘அண்ணே, இதுல கழுவிக்கோங்க’ என்று காட்டிவிடுங்கள். அட்டையில் எழுதிவைத்த எச்சரிக்கையைவிட டிரம் வேலை செய்கிறது.

வேலை முடிந்தது என்று எப்போது ஒப்படைப்பது?

ஒரு முழு நாள் எல்லாக் குழாயும் ஓடி, ஒவ்வொரு சொட்டுவாயிலும் தண்ணீர் வருவதைப் பார்த்தபின். குழாயை மூடும் முன் எடுத்த படங்களில் குழாய் எங்கே போகிறது என்று குறித்து அவருக்கு அனுப்பிவிடுங்கள், அடுத்து வரும் ஆள் கடப்பாரையால் கண்டுபிடிக்கவேண்டாம். மூன்று மாதம் பராமரிப்பை விலையிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். செத்த செடியை மாற்றித்தருவோம் என்று எழுதும்போது, தண்ணீர் விடாமல் செத்ததற்குப் பொறுப்பில்லை என்பதையும் எழுதுங்கள். கடைசி ஐந்து சதவீதப் பணம் பிடித்துவைப்பார்கள், அது எப்போது வரும் என்று தேதி போட்டு வாங்குங்கள்.

மிச்சம் விழுந்த செடிகளை ஆட்கள் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுத்துவிடுங்கள். கிளை ஒடிந்த செம்பருத்தி, அளவில் சேராத இட்லிப்பூ, எண்ணிக்கைக்கு மேல் வந்த நந்தியாவட்டை, லாரியில் திருப்பி அனுப்பினால் எப்படியும் காயப்போகிறது. எங்கள் டீமில் ஒரு அக்கா கண்ணகி நகரில் மூன்றாவது மாடியில் இருக்கிறார், பெயிண்ட் வாளியில் வைத்த செம்பருத்தி இப்போது வராந்தாக் கம்பியைத் தாண்டிவிட்டதாம். போன வாரம் போனில் படம் காட்டினார், அடியில் ஓட்டை போட்டீர்களா என்று கேட்டேன், ‘அதெல்லாம் நீங்க சொல்லித்தான் தெரியணுமா’ என்றார்.